சேர்க்காமல் வைத்திருந்த சலாம்

பாய்,

பள்ளிவாசலில் கொடுத்த நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் வாங்கி வந்து முன்னால் வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்ததும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. உடனே நீங்கள் வந்து எதிரில் குந்திக்கொண்டீர்கள். கஞ்சி ஆறுவதற்குள் உங்களுக்கு ஒரு மடல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரிதான் ஆகியிருக்கிறது, கஞ்சி ஆடை கட்டிவிட்டது.

ஆமாம் பாய், எனக்கு எழுத வருகிறது. தண்டையார்பேட்டையில் ஒரு டீச்சரம்மா சாயங்காலத்தில் கிழங்களுக்குப் பாடம் நடத்துகிறாள். யாருக்காவது கடிதம் எழுதி வரச் சொன்னாள். உயிரோடு இருப்பவர்களுக்கு எழுதினால் பதில் போடுவார்கள், பிழை சொல்வார்கள். அதனால் உங்களைப் பிடித்தேன். பென்சில் நகர நகர உள்ளுக்குள் சிரிப்பு பொங்குகிறது. கட்டுமரம் முதல் அலையைத் தாண்டி இறங்கும்போது வயிற்றில் ஒன்று துள்ளுமே, அந்த மாதிரி. பேச்சில் உங்களை நீ, வா, போ என்றுதான் சொன்னேன். எழுத்தில் தானாக நீங்கள் என்று வருகிறது. இருக்கட்டும், மரியாதை தாமதமாக வந்தாலும் மரியாதைதான்.

உங்களோடு வண்ணாரப்பேட்டையிலிருந்து ராயபுரத்துக்கு நடந்து வருவது ஒரு தண்டனை. வழியில் வீடு வீடாக நிற்பீர்கள். இந்த மாமு சலாம் சொன்னார், அந்தப் பெரியம்மா சலாம் சொன்னார் என்று ஒவ்வொரு வாசலிலும் இறக்கி வைப்பீர்கள்.

"இன்னா பாய், தபால்காரன் கணக்கா நின்னுகினே போறே" என்பேன்.

"சிரிக்காத அந்தோணி. ஒருத்தன் சலாம் சொல்லி உட்டான்னா அது அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொருளு. சேக்கலன்னா கழுத்துல நிக்கும்."

அப்படி என் கழுத்தில் நிற்கும் ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் நேரே அங்கே போக என்னால் முடியவில்லை. திருவொற்றியூர் வழியாகத்தான் போகவேண்டும்.

அறுபதுகளில் சண்டை மூண்டபோது, எதிரி தேசத்துச் சரக்குக் கப்பல் ஒன்றைப் பிடித்து அதிலிருந்த ஆட்களைத் திருவொற்றியூரில் ஒரு பழைய தோல் கிடங்கில் அடைத்தார்கள். அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். அவர்கள் தின்பதைச் சமைக்க ஒரு பாய் வேண்டும் என்று உங்களைக் கூட்டிப் போனார்கள். தண்ணீர் தூக்க, விறகு பிளக்க நான். கூலி கிடைத்ததே என்று இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் போனோம்.

வருஷக்கணக்காக உப்புப் போட்டுத் தோல் அடுக்கிய தரை அது. எத்தனை குடம் ஊற்றிக் கழுவினாலும் உப்பு மேலே பூத்து வரும். அதில் படுத்தவர்களுக்குப் புண் வந்தால் ஆறாது. ரேஷன் ஒப்பந்தக்காரனின் லாரி வாரம் ஒருமுறை வரும். வண்டு விழுந்த குருணையும் கொஞ்சம் பருப்பும் இறங்கும். மீதி எங்கே இறங்கியது என்று லாரிக்குத்தான் தெரியும். காலையில் ஒரு தகரக் குவளைக் கஞ்சி, சாயங்காலம் ஒரு குவளை. கஞ்சி என்றால் இந்தக் கஞ்சி இல்லை பாய், குவளைக்குள் பார்த்தால் அடி தெரியும்.

காவலுக்குத் தலைவனாக இருந்தவனை ஏட்டு என்று கூப்பிட்டோம். உண்மையில் என்ன உத்தியோகமோ தெரியாது. பாதி பிடித்த பீடியைக் கம்பிக்குள் போட்டு, அதற்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டு உருளுவதைப் பார்ப்பான். வேறு பொழுதுபோக்கு அவனுக்கு இல்லை.

அப்போதுதான் ஒரு துரை முதல் தடவை வந்தார். சண்டையில் எந்தப் பக்கமும் சேராத தேசத்துக்காரர். கைதிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க அவருக்கு அதிகாரம் இருந்தது. எந்தக் கதவையும் திறக்கச் சொல்லலாம், எந்தப் பாத்திரத்திலும் எடுத்துத் தின்னலாம், காவல் ஆள் இல்லாமல் கைதிகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசலாம். ஏட்டு அவருக்கு அம்பயர் என்று பெயர் வைத்தான். அவர் வருவதற்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கம்பளி கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு சோப்பு கொடுத்தார்கள். போன பிறகு கம்பளியும் சோப்பும் திரும்பப் போயின. நனைந்த சோப்பைக்கூட விடவில்லை.

அம்பயர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். எல்லோரும் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். எஞ்சின் அறையில் வேலை செய்த யூசுப் மட்டும் உள்ளேயே இருந்தான். வெகுநேரம் வரவில்லை. வெயிலில் நின்றபடி ஏட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கஞ்சி ஊற்றும்போது யூசுப் முறை வந்தது. நீங்கள் ஊற்றினீர்கள். ஏட்டு அவன் கையிலிருந்த குவளையை வாங்கி உங்களிடம் கொடுத்தான்.

"கவுத்து பாய்."

"ஏட்டய்யா..."

"தரையில கவுத்து. அடிச்சா தழும்பு வரும், அம்பயர் பாப்பான். கஞ்சி கொட்னா தழும்பு வராது. இன்னா யோசிக்கிற, உன் ஆளுன்னு பாசமா? சொல்லு, உன்னியும் உள்ள தள்ளி பூட்டிடறேன்."

நீங்கள் கவிழ்த்தீர்கள். உப்புத் தரை அதை உடனே குடித்துவிட்டது. அதன் பிறகு அதுவே வழக்கமானது. யூசுப் செத்துவிடக்கூடாது என்பதற்காக ஏட்டு நடுநடுவே ஒரு வேளை விடுவான், மறுபடி கவிழ்க்கச் சொல்வான். கூட இருந்தவர்கள் தங்கள் குவளையிலிருந்து ஒரு வாய் கொடுத்தார்கள். ஏட்டு அதைக் கண்டுபிடித்து, கொடுத்தவர்கள் குவளையையும் கவிழ்க்கச் சொன்னான். பிறகு யாரும் கொடுக்கவில்லை. யூசுப் சாப்பாட்டு வேளையில் சுவரைப் பார்த்து உட்காரப் பழகிக்கொண்டான். எல்லாக் குவளையையும் கவிழ்த்தது உங்கள் கைதான். வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவீர்கள், குளிராத நாளிலும்.

சில மாதம் போய் அம்பயர் மறுபடி வருகிறார் என்று சேதி வந்தது. கிடங்கு கல்யாண வீடானது. லாரியில் ஆடுகள் வந்தன, சீரக சம்பா வந்தது, நெய் டின் வந்தது.

"பாய், அம்பயரும் இத்த துன்னுவான். அவன் ஊருக்குப் போயும் உன் பிரியாணியப் பத்தி பேசணும்" என்றான் ஏட்டு.

அன்று காலை நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். நீங்கள் டேக்சாவை அடுப்பில் ஏற்றிவிட்டு என் பக்கத்தில் குந்தினீர்கள். அவ்வளவு அமைதியாக உங்களை நான் பார்த்ததில்லை.

"அந்தோணி, நோன்பு தொறக்கும்போது ஏன் கஞ்சி குடுக்குறாங்க, தெரியுமா?"

"நான் மாதா கோயில் ஆளு. என்னியக் கேட்டா?"

"ஒரு பகல் காய்ஞ்ச வயித்துக்கே கறி ஆவாதுன்னுதான் முதல்ல கஞ்சி. இவனுங்க மாசக்கணக்கா காய்ஞ்சிகினு கீறானுங்க. இந்த நெய்ய உள்ள உட்டா இன்னாவும்?"

"புடுங்கிக்கும்."

"புடுங்கட்டும். அம்பயர் கண்ணு முன்னால புடுங்கட்டும். வாயால சொன்னவன் கதிய பாத்தோம். இந்த வாட்டி வயிறு சொல்லட்டும். எந்த ஏட்டு வந்து வயித்த மிரட்டுவான்?"

நான் கோடாலியைக் கீழே வைத்தேன். "யூசுப்பு தாங்குவானா பாய்?" என்று கேட்டேன்.

"தாங்க மாட்டான். அவனுக்குத் தனியா கஞ்சி வெச்சிகீறேன்."

அடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சட்டி இருந்தது. பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சி. தேங்காய் உங்கள் வீட்டிலிருந்து கொண்டு வந்தது.

அம்பயர் வந்தார். முதலில் கக்கூஸைப் பார்க்க வேண்டும் என்று கிடங்கின் பின்பக்கம் போனார். அந்த நேரத்தில் ஏட்டு பந்தியை ஆரம்பித்தான். நெய் மணம் எழுந்ததும் சிலர் அழுதார்கள் பாய். தட்டு கைக்கு வருமுன்னே வாயை அசைத்தார்கள். நான் யூசுப்பிடம் கஞ்சியைக் கொண்டு போய் வைத்தேன். அவன் அதைக் கையில் எடுத்தான். ஏட்டு பார்த்துவிட்டான்.

"அத்த எவன் குடுத்தது? கஞ்சி குடிச்சிகினு கீறத அம்பயர் பாத்தா இன்னா நெனைப்பான்?" காலால் எத்தினான். சட்டி உருண்டது. தானே டேக்சாவிலிருந்து அள்ளி, நல்லெலும்பாகப் பொறுக்கி, யூசுப் தட்டில் மலையாகக் குவித்தான். "துன்னுடா ராஜா."

நீங்கள் முன்னால் வந்தீர்கள். "ஏட்டய்யா, அவனுக்கு ஆவாது..."

"ஆவாதா? ஏன் ஆவாது?"

இந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு ஒருமுறை கடல் வரைக்கும் போய் வந்தேன், பாய். நீங்கள் காரணம் சொல்லியிருந்தால் எல்லாத் தட்டும் அங்கேயே நின்றிருக்கும். யூசுப் பிழைத்திருப்பான். அம்பயர் சுண்ணாம்புச் சுவரையும் கம்பளியையும் பார்த்துவிட்டுப் போயிருப்பார். மற்றவர்கள் அந்த உப்பிலேயே ஒவ்வொருவராகக் கரைந்திருப்பார்கள். இத்தனையும் உங்கள் முகத்தில் ஓடுவதை நான் பார்த்தேன். பிறகு நீங்கள் டேக்சாவின் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தொடங்கியது. ஒருவன் வாந்தி எடுத்தான், பக்கத்தில் இருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான், புதுக் கம்பளிகள் எல்லாம் நாறின. அம்பயர் ஓடி வந்தார். ஏட்டு உங்களைக் கை காட்டினான். கறியைக் கெடுத்துவிட்டது சமையல்காரன், இந்த ஊர்ப் பாய், நம்ப முடியாத ஆள் என்று மொழிபெயர்ப்பவரிடம் சொன்னான். உங்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

அம்பயர் நேரே பந்திக்குப் போனார். ஒரு தட்டை எடுத்தார். அதே டேக்சாவிலிருந்து நிறையப் போட்டுக்கொண்டார். நின்றபடியே, எலும்பு வரைக்கும் தின்றார். பிறகு ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லோரும் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஏட்டு வேண்டிக்கொண்டிருந்திருப்பான். அவருக்கு ஒரு ஏப்பம்தான் வந்தது. எழுந்து போய், கீழே கிடந்த ஒருவனின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும், பிசைந்த மாவில் போலப் பள்ளம் அப்படியே நின்றது. அடுத்தவனை அழுத்தினார். அதே பள்ளம், பட்டினியில் வந்த வீக்கம். கெட்டுப்போனது கறி இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று அவர் போகவே இல்லை. டாக்டர் வரும்வரை, அதிகாரிகள் வரும்வரை அந்தப் பெட்டியிலேயே இருந்தார்.

டாக்டர் மற்றவர்களைக் காப்பாற்றினார். யூசுப் பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். நீங்கள்தான் அவனைக் குளிப்பாட்டினீர்கள்.

பிறகு எல்லாம் மாறியது. அந்த லாரி வரவில்லை, ஏட்டு இருந்த இடம் தெரியவில்லை, தரைக்குப் பலகை வந்தது. அவர்களுக்குச் சதை பிடித்தது. சண்டை ஓய்ந்து ஊருக்குத் திரும்பும்போது ஒவ்வொருவரும் உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தப்பு செய்து மாட்டிக்கொண்டவரைப் போல நின்றீர்கள்.

அதற்கு மேல் நீங்கள் பிரியாணிக்குத் தம் போடவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் கெஞ்சினால் "கை வரல" என்பீர்கள். நோன்பு மாதம் மட்டும் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவீர்கள். மற்றபடி மாலைகளில் ராயபுரம் கடற்கரைக் கல்லில் என்னோடு உட்காருவீர்கள். வருஷங்கள் போனாலும் ஒரே கேள்விதான்.

"நீதான அவனுக்குத் தண்ணி குடுத்தே. துன்னும்போது அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சி, அந்தோணி?"

"கூட்டத்துல பாக்கல பாய்."

ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன். அது பொய். அதற்காக நான் வருந்தவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பார்த்தேன் பாய். அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். மெதுவாக, அவசரமே இல்லாமல், விருந்துக்கு வந்தவனைப் போல. ஒவ்வொரு விரலாக நக்கினான். நான் தண்ணீர் கொடுத்தபோது, இதைச் சமைத்தது யார் என்று கையால் கேட்டான். அவன் பாஷை எனக்கு வராது, ஆனால் அது புரிந்தது. நான் உங்களைக் காட்டினேன். அவன் வலது கையை லுங்கியில் துடைத்துவிட்டு, உங்கள் முதுகைப் பார்த்து நெற்றிக்குக் கையைக் கொண்டு போனான். நீங்கள் திரும்பவில்லை. அவன் என் மணிக்கட்டைத் தொட்டு, மறுபடி உங்களைக் காட்டினான். கொண்டு போய்ச் சேர்த்துவிடு என்று.

எப்படிச் சேர்ப்பேன்? இத்தனை நாள் குவளையைக் கவிழ்த்த கை கடைசியில் தனக்கு விருந்து போட்டது என்று அவன் நம்பிக்கொண்டான். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரு நாள்கூடத் தூங்கியிருக்க மாட்டீர்கள். அதனால் என் கழுத்திலேயே வைத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னது சரிதான், அது நிற்கிறது. உங்கள் கபர் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். மண் போடும்போதும் வாய் வரவில்லை.

இப்போது எழுதிவிட்டேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியம்தான். டீச்சரம்மா எதை எழுதினாலும் உரக்கப் படிக்கச் சொல்வாள். அவளுக்கு வேறு ஏதாவது எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன்.

கஞ்சி ஆறிப்போய்விட்டது. ஆறினாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

பாய், யூசுப் உங்களுக்குச் சலாம் சொன்னான்.