கேட்காமல் போட்ட இரண்டு வரி

இன்று காலை டோரத்தி போன் செய்தாள். நம் ஹோஸ்டாச் செடிச் சங்கத்தின் தலைவி இன்னும் அவள்தான். எண்பதைத் தாண்டியும் நாற்காலியை விடவில்லை. அடுத்த இதழிலிருந்து செய்திமடல் ஈமெயிலில்தானாம். தாள் இல்லை, ஸ்டாம்ப் இல்லை, மடிக்கவும் ஒட்டவும் வேண்டாம். "உனக்கு எவ்வளவு வேலை மிச்சம், பார்" என்றாள். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, முகவரி லேபிள்கள் இருக்கும் மேசை டிராயரைத் திறந்தேன்.

ஒவ்வொரு இதழுக்கும் அறுபத்துச் சொச்சம் லேபிள் அச்சடிப்பேன். எல்லாவற்றையும் உரித்து ஒட்டிய பிறகு ஒன்று மட்டும் தாளில் மிஞ்சும். உன் பெயர், பிஸ்கட்டவே முகவரி. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. பட்டியலிலிருந்து உன்னை எடுக்க எனக்குக் கை வரவில்லை; ஒட்டி அனுப்பவும் அங்கே ஆளில்லை. அந்தத் தாள்களையெல்லாம் அப்படியே டிராயருக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பிஸ்கட்டவே என்ற அந்த ஊரில் நமக்கு அடுத்தடுத்த வாடகை வீடு. இருவரும் கணவரின் விசாவில் வந்து இறங்கியவர்கள், வேலை பார்க்க அனுமதி கிடையாது. நான் மாம்பலத்துக்காரி, நீ கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். ஒரே வயதுக்காரியிடம் "ஏனுங்க, வாங்க, உக்காருங்க" என்று நீ பேசியது எனக்கு வேடிக்கையாக இருந்தது. "வாடி"க்கு இறங்கி வர உனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

நூலக வாசலில் நடந்த செடி விற்பனையில், தயிர் டப்பாவில் வைத்த ஒரு ஹோஸ்டாத் துண்டை நீ வாங்கி வந்தாய். வெற்றிலையைப் பெரிதாக்கி அடுக்கியது போல் இலைகள். வெயில் ஆகாது, நிழலில்தான் செழிக்கும். இந்த ஊர்க்காரர்கள் பூவைப் பெரிதாக நினைக்காமல் இலைக்காகவே வளர்க்கிறார்கள், அதற்கென்று சங்கமும் வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன்.

"தலையில வெச்சுக்கவும் ஆகாது, சமைக்கவும் ஆகாது. இதுக்கு ஒரு கிளப்பா?"

"நாம ரெண்டு பேரும் இங்க சும்மா இருக்கறதில்லியா? அதுவும் இருந்துட்டுப் போகுட்டும்" என்றாய்.

பின்பக்க மேப்பிள் மரத்தடியில் அதை நட்டாய். முதல் பனி விழுந்ததும் இலைகள் அழுகிக் கூழாகி மண்ணோடு படிந்தன. நீ ஊரில் இல்லாத நேரம். இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று நான் அதைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நீ திரும்பி வந்து, நைட்டிமேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி, தொட்டிக்குள் பாதி உடம்பைவிட்டு அதை எடுத்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. "கேக்காம எதையாச்சும் பண்ணாதடி. கேட்டா வாயி வலிக்குமா?" என்று திட்டினாய். அன்று அது செடிக்கான திட்டு. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சங்கக் கூட்டத்தில், செய்திமடல் தயாரித்துவந்தவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோகிறார், அடுத்து யார் என்று டோரத்தி கேட்டாள். நீ என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாய். "ஷீ வொர்க்ட் இன் மேகசின், மெட்ராஸ்" என்றாய். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவளை ஒரே வாக்கியத்தில் பத்திரிகைக்காரி ஆக்கியவள் நீ. ஆனால் எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. இந்த நாட்டில் என் பெயர் அச்சில் வந்த முதல் இடம் அந்த நான்கு பக்கத் தாள்.

என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் நம் அலுவலகம். கம்ப்யூட்டரில் நான் அடுக்கி, ஜெராக்ஸ் எடுத்து வருவேன். நீ மூன்றாக மடித்து, நகத்தால் ஒரு கோடு இழுத்து, லேபிளை நூல் பிடித்தாற்போல் ஒட்டுவாய். "முதல் முளை" என்ற பத்தி முழுக்க உன்னுடையது. குளிர்காலம் முழுதும் மண்ணுக்குள் இருந்த செடி ஏப்ரலில் கூராகத் தலை நீட்டும். யார் தோட்டத்தில் எந்த நாளில் முதல் முளை தெரிந்தது என்று அத்தனை பேரும் உனக்குத்தான் போன் செய்வார்கள். வங்கியில் பேசத் தயங்கும் உன் ஆங்கிலம் அந்த நாட்களில் தயங்கியதே இல்லை. பட்டியலின் முதல் வரியில் எப்போதும் உன் மேப்பிள் மரத்தடிதான் இருக்கும். உன் பெயரை நீயே முதலில் போட்டுக்கொள்கிறாய் என்று கேலி செய்தால், "கீரக்காரி மொதல்ல தன்ற கீரையத்தான் கூவுவா" என்பாய்.

தொண்ணூற்றேழு ஏப்ரல். மளிகைக் கடை பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்தபடி சொன்னாய். மார்பில் கட்டி. புற்றுதான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறார்கள். நான் அழுதேன், நீ அழவில்லை.

"எந்தங்கச்சிக்கு இங்க பக்கத்தூரு எடிசன்ல மாப்பிள்ள பேசிட்டிருக்கறாங்க, உனக்குத் தெரியுமில்ல. அக்காளுக்கு இந்த சீக்குன்னு தெரிஞ்சா, குடும்பத்துல ஓடுதும்பாங்க. ஆவணில கண்ணாலம். அதுவரைக்கும் நம்ம ஆளுங்க ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. எங்கம்மாளுக்கே சொல்லல. சத்தியம் பண்ணு."

உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு நீ வரவில்லை. டோரத்தி என்னை ஓரமாக அழைத்துக் கேட்டாள். சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம் மடலில் "சன்ஷைன்" என்று ஒரு மூலை உண்டே, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அதில் போடுவார்கள், எல்லோரும் அட்டை அனுப்புவார்கள். "அவளுக்கும் போட வேண்டும், அதுதான் நம் வழக்கம்" என்றாள். போட்டேன். இரண்டே வரி. நம் உறுப்பினர் இன்னார் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார், இந்த முகவரிக்கு இரண்டு வார்த்தை எழுதுங்கள்.

ஏன் போட்டேன் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சாட்சி சொல்லிப் பார்த்துவிட்டேன். நம் ஆட்களுக்குத் தெரியக்கூடாது என்றுதானே சொன்னாய், இவர்கள் வெள்ளைக்காரர்கள்தானே என்று நினைத்தேன். கோயிலும் கொலுவும் ஒரு ஊர், ஹோஸ்டா சங்கம் வேறொரு ஊர், இரண்டுக்கும் நடுவே சாலையே கிடையாது என்று நாம் எல்லோரும்தான் நம்பிக்கொண்டிருந்தோம். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். உன் ரகசியத்தைத் தனியாகச் சுமக்க என்னால் முடியவில்லை. யாராவது தெரிந்துகொண்டு என்னோடு சேர்ந்து பயப்பட வேண்டும் போலிருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மடல்களைத் தபாலில் சேர்த்துவிட்டு, மிச்சப் பிரதிகள் பத்தை எப்போதும் போல நூலக மேசையில் வைத்தேன்.

தபால் யார் கைக்கும் போய்ச் சேருமுன், மறுநாளே, ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீன். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நீ வந்திருந்தாய். கேட்டவர்களுக்கெல்லாம் சைனஸ் என்று சொல்லிவைத்திருந்தாய். புளியோதரைத் தட்டோடு நம் மேசைக்கு ஒரு ஆன்ட்டி வந்தார். மாப்பிள்ளையின் சித்தி அவர், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்ததே அவர்தான்.

"ஏம்மா, உனக்குக் கேன்சராமே? பேத்திக்கு புக் எடுக்க லைப்ரரி போனேன். தமிழ்ப் பேரா இருக்கேன்னு எடுத்துப் பாத்தா உன் பேரு! எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே?"

பக்கத்து மேசைகளும் திரும்பிப் பார்த்தன. ஆன்ட்டி பையிலிருந்து நம் மடலை எடுத்து உன் முன்னால் வைத்தார். நீ அதைப் படித்தாய். நகத்தால் நீயே இழுத்த மடிப்பு. படித்துப் பார்க்க வேண்டாம், பிழையெல்லாம் நானே பார்த்துவிட்டேன் என்று சொல்லித்தான் அந்த இதழை உன்னிடம் மடிக்கக் கொடுத்திருந்தேன். நீயும் என்னை நம்பிப் படிக்காமலே மடித்து ஒட்டியிருந்தாய்.

காரில் ஏறும்முன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய்.

"எதுக்குங்க எழுதுனீங்க?"

நீ திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். அந்த "ங்க"வில் நான் தெருவில் போகிறவளாகிவிட்டேன்.

பத்தே நாளில் ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். உன் அம்மாவுக்கு விஷயம் சம்பந்தக்காரர்கள் வாயால்தான் போய்ச் சேர்ந்தது. கோபியிலிருந்து அவர் போனில் அழுத அழுகையை உன் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனிதர், குற்றம் சாட்டவில்லை. "கொஞ்ச நாளைக்கு வராதீங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்த இதழை நான் தனியாக மடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும். கதவைத் தட்டப் போய், தட்டாமல் திரும்பி வருவேன்.

மூன்று மாதம். செப்டம்பரில் ஒரு பகல், மணி அடித்தது. நீ. கையில் ஒரு மளிகைப் பை, அது நிறைய அட்டைகள். சங்கத்துக்காரர்கள் அனுப்பியவை. ஒன்றைக்கூடப் பிரிக்காமல் விடவில்லை நீ. மேசையில் உட்கார்ந்து சொன்னாய்.

"திருத்தம் போடோணும்."

"என்னன்னு?"

"ஜூன்ல என்னப் பத்தி வந்தது என்னையக் கேக்காமப் போட்டதுன்னு. உன்ற பேரோட."

டோரத்திக்கு அது புரியவில்லை. அன்பாகப் போட்ட செய்திக்கு எதற்குத் திருத்தம், உறுப்பினர்கள் மனம் நோகாதா என்றாள். நான் பிடிவாதமாகப் போட்டேன், முதல் பக்கத்திலேயே. "அவரைக் கேட்காமல் அவருடைய செய்தியை வெளியிட்டது என் தவறு", கீழே என் பெயர். அச்சில் என் பெயரைப் பார்த்துப் பூரித்தவளுக்கு அது தேவைதான். நீ அதை இரண்டு முறை படித்துவிட்டு, மூன்றாக மடித்து, நகத்தால் கோடு இழுத்தாய்.

"போன தடவ லேபிளெல்லாம் கோணலா ஒட்டியிருந்தியேடி. என்ற பேரே சாஞ்சு கெடந்துது" என்றாய். எனக்கு அந்த "டி" போதும். மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் மருத்துவமனையில் நீ எழுந்து உட்காரவே முடியாத நிலை. உன் தங்கைக்கு வேறு இடத்தில், ஈரோட்டிலேயே, தை மாதம் கல்யாணம் முடிந்திருந்தது. போட்டோவைத் தலையணை அடியில் வைத்திருந்தாய். என்னைக் குனியச் சொன்னாய்.

"நான் போனத எழுதாத."

சத்தியம் செய்யக் கையை நீட்டினேன்.

"சத்தியமெல்லாம் வேண்டா. உன்ற சத்தியம் எனக்குத் தெரியும்" என்று சிரித்தாய். "எழுதாத, அவ்ளோதான். மொளை வந்தா எழுது. அத மட்டும் கேக்காமப் போடு."

மார்ச்சில் போய்விட்டாய். டோரத்தி அரைப் பக்கம் ஒதுக்கி, உன் புகைப்படமும் எடுத்து வைத்திருந்தாள். முடியாது என்றேன். அவள் முதன்முறையாக என்னிடம் குரலை உயர்த்தினாள். நம்மில் ஒருத்தியை வழியனுப்பக்கூட விடமாட்டாயா, உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்றாள். மறுநாள் மூன்று பேர் போன் செய்து அதையே மெல்லச் சொன்னார்கள். நான் கல் மாதிரி இருந்தேன். எனக்கு மட்டும் உன்னைப் பற்றி நான்கு பக்கமும் எழுத ஆசை இல்லையா? கை அரித்தது. எழுதவில்லை.

ஏப்ரலில் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "செடி வந்திருக்குங்க. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, உங்களுக்குப் பண்ணுனேன்." போனேன். மேப்பிள் மரத்தடியில், காய்ந்த சருகைத் தள்ளிக்கொண்டு, விரல்கடை உயரத்துக்கு ஊதா நிறத்தில் இரண்டு முளை. "முதல் முளை" பட்டியலின் முதல் வரியில் எழுதினேன்: உன் பெயர், பிஸ்கட்டவே, மேப்பிள் மரத்தடி, தேதி. "மறைந்த" என்ற சொல் இல்லாமல். டோரத்தி அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னிடம் திருப்பித் தந்தாள். அதன் பிறகு அரைப் பக்கத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை.

உன் வீட்டுக்காரர் டெக்சாஸுக்கு வேலை மாற்றிக்கொண்டு போகும்போது, அந்தச் செடியை வேரோடு தோண்டித் துணிக் கூடையில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கி வந்தபோது அதுவும் வந்தது. கராஜுக்குப் பின்னால் நிழலில் நட்டிருக்கிறேன். மடலில் மட்டும் ஊரை மாற்றவில்லை, இன்னும் பிஸ்கட்டவே என்றுதான் போடுகிறேன். மற்றவர்களைப் பற்றி ஒரு வரி எழுதுவதானாலும் போன் செய்து, படித்துக் காட்டி, போடலாமா என்று கேட்கிறேன். பேரன் பிறந்த செய்திக்குக்கூடக் கேட்கிறேன். வீணாக ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கிறாய் என்பார்கள். நான் அடுத்த ஆளுக்குப் போன் செய்வேன்.

சாயங்காலம் டோரத்திக்கு உறுப்பினர்களின் ஈமெயில் பட்டியலை அனுப்ப வேண்டும். உன் பெயர் இருக்கிறது, எதிரே இடம் காலி. அப்படியே அனுப்பப் போகிறேன்.

போனை வைத்த பிறகு கராஜுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மூன்று முளை. இந்த இதழில் போடுகிறேன், உன்னைக் கேட்காமல்.