எள்ளெண்ணெய்க் கோழியும் ஊதும் மெஷினும்

அன்புள்ள யீ-லுன்,

மாட்ஸு அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சௌக்கியமாக இருக்கிறோம், டொரொண்டோவில் நீயும் உன் எட்டு மாத வயிறும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உன் அண்ணன் குழந்தைக்கு இன்று பன்னிரண்டாம் நாள், அண்ணி தெம்பாக இருக்கிறாள், உன் அண்ணன் முகத்தைப் பார்த்தால் பிள்ளை பெற்றது அவன்தான் என்று தோன்றும். பிள்ளை பெற்ற மாதத்துக்கு எள்ளெண்ணெய்க் கோழி எப்படிச் செய்வது, அரிசி மது எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், அதற்கு முன் அந்தக் கோழி போன செவ்வாய்க்கிழமை என்னைப் படுத்திய பாட்டைக் கேள்.

பதினொரு வருஷமாக லாரி கம்பெனியில், குடித்திருக்கிறார்களா என்று பார்க்கக் காலையில் டிரைவர்களை மெஷினில் ஊதச் சொல்வதுதான் என் வேலை. முந்தின நாள் குடித்துவிட்டு வருகிற ஒவ்வொருவனும் "குடிக்கலக்கா, இஞ்சி வாத்துதான் சாப்பிட்டேன், அதுல மது ஊத்திட்டாங்க" என்பான். இவர்கள் சொன்ன வாத்தையெல்லாம் எண்ணினால் நம் சாங்ஹுவா ஊரில் இன்று ஒரு வாத்துகூட மிஞ்சியிருக்காது. அதனால்தான் மேஜைக்கு மேலே என் கையாலேயே எழுதி ஒட்டினேன், வாத்துக் கதை இங்கே கேட்கப்படாது, சாவியைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் ஊத வேண்டும் என்று. மாட்டியவர்கள் பெயரை எழுதும் நோட்டில் காரணம் என்ற கட்டத்தில் எல்லோருக்கும் "பொய்" என்று ஒரே சொல்தான் எழுதுவேன்.

செவ்வாய்க்கிழமை டிரைவர்கள் வரிசையில் உன் அப்பாவின் முறை வந்தது. ஆபீஸில் அவரும் மற்றவர்களைப் போல என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், யாரோ எவரோ மாதிரி. இன்னும் ஐந்து வாரம் போனால் இருபது வருஷம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் ஓட்டியதற்கு முதலாளி லியாவ் பாராட்டுப் பலகை கொடுப்பதாக இருந்தது, அதை மாட்ட வீட்டுக் கூடத்துச் சுவரில் உன் அப்பா ஆணியே அடித்துவிட்டார். ஊதினார், மெஷின் கத்தியது. வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் உட்கார்ந்து மறுபடி ஊதினார், மறுபடி கத்தியது. உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, நான் குடிக்கல, கோழி சாப்பிட்டேன்" என்றார். வரிசையில் பின்னால் நின்றவன், "வாத்து தீந்துபோச்சு போல, இனிமே கோழியா" என்றான். ஆனால் அது உண்மை என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கு நான் வைத்த கோழி அது, பொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் மூன்று பாட்டில் மது, போதாததற்கு வாசனைக்கென்று இறக்கும்போது இன்னும் அரை பாட்டில். மீந்த ரசத்தில் நூடுல்ஸ் போட்டுக் காலையில் இரண்டு கிண்ணம் கொடுத்தவளும் நான்தான். லியாவ் என் பக்கத்தில் குனிந்து, "உங்க புருஷன், உங்க கோழி, இன்னிக்கு லீவுன்னு போட்டுடலாமேக்கா" என்றார். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, அந்த ஆணி கண் முன்னால் நின்றது. ஆனாலும் அவர் பெயரை நோட்டில் எழுதிவிட்டேன். பத்து டன் லாரிக்குக் கோழி எது குடி எது என்று தெரியாது. காரணக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன், பொய் என்று எழுதக் கை வரவில்லை. உன் அப்பா துடைப்பத்தை எடுத்து முற்றத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கினார்.

ஒன்பது மணிக்கு உனக்கு இஞ்சியும் சிவப்புப் பேரீச்சையும் தபாலில் போட ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். வாசலில் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிக்கொண்டு உன் அப்பா நின்றார். "சாவியத் தொட்டா ஊதணும்னு எழுதி ஒட்டினது யாருக்கா" என்றார். சிரித்துக்கொண்டேதான் ஊதினேன். உப்புப் பார்க்கிறேன் என்று அன்று காலை நான் அந்த ரசத்தில் மூன்று கிண்ணம் குடித்தது அவருக்குத்தான் தெரியும். மெஷின் கத்தியது, எண் அவருடையதைவிட அதிகம். எல்லோரும் சிரித்தார்கள், நான் சாவியை மேஜையில் வைத்துவிட்டேன். அன்று ஏழே கால் மணிக்கு நான் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் ஸ்கூட்டரில் வேலைக்கு வந்தேன், மஞ்சள் தொப்பிப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் ஓட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார், குடித்துவிட்டு வருகிற ஒவ்வொருவனும் என்னிடம் சொல்வது அதேதான். அப்பாவின் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினேன். உள்ளே போய் அழுதேன் என்பதை உன் அண்ணனிடம் சொல்லாதே.

பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். பாதி வழியில் அப்பா, "இன்னும் இருபது வருஷம் ஓட்டி எழுபத்தொம்பது வயசுல அந்தப் பலகைய வாங்கிக் காட்டுறேன் பாரு" என்றார், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் நோட்டில் காரணக் கட்டத்தையே கோடு போட்டு அடித்துவிட்டேன். பதினொரு வருஷத்தில் யாரோ ஒருவன் நிஜமாகவே வாத்து சாப்பிட்டிருப்பான், அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் அவனுக்கும் சாவி கிடையாதுதான்.

சரி, கோழிக்கு வருகிறேன். முற்றிய இஞ்சியைத் தோலோடு நறுக்கி, எள்ளெண்ணெயில் சிறு தீயில் சுருள வதக்கி, கோழித் துண்டுகளைப் போட்டுப் புரட்டு. மது ஒரு பாட்டில் போதும், மீதிக்குத் தண்ணீர், மூடாமல் ஒரு மணி நேரம் கொதிக்கட்டும், இறக்கும்போது ஒரு சொட்டுகூட ஊற்றாதே. சாப்பிடலாமா என்று உன் டாக்டரையும் கேட்டுக்கொள். நீ எங்கும் போகப் போவதில்லை, எனக்கு மாப்பிள்ளையை நினைத்துத்தான் பயம், மீந்ததை வீணாக்க மனம் வராத மனுஷன். சுகப் பிரசவம் ஆகித் தாயும் பிள்ளையும் நூறு வயசு இருக்க அம்மன் துணை.

மறக்காமல் ஒன்று செய். பலகைக்கு அடித்த ஆணி இங்கே சும்மா இல்லை, கோழி வைக்கிற நாளில் வீட்டிலுள்ள எல்லாச் சாவியும் அதில் ஏறிவிடும், மறுநாள் மதியம் வரை யாரும் தொடுவதில்லை. கோழிக்கு அடுப்பு மூட்டும் முன் நீயும் உன் சுவரில் ஒரு ஆணி அடித்துவிடு.

இப்படிக்கு,
ஊதி மாட்டிக்கொண்ட உன் அம்மா