குண்டூசி குத்திய இடம்

மயிலாப்பூர்,
18-7-2025, வெள்ளி.

மரியாதைக்குரிய ஹாஜிரா பீ அவர்களுக்கு,

உங்களோடு தேனாம்பேட்டை ஆபீசில் வேலை பார்த்த சூப்பிரண்டு ஜவஹரின் மனைவி பங்கஜம் வணக்கத்துடன் எழுதுவது. வாணியம்பாடியில் நீங்களும் மகன் ஆதிலும் மருமகள் மெஹக்கும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம். அப்படி எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். நீங்கள் நம்ப வேண்டாம்.

உங்களுக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். முதல் சில நாள் மணி அடித்தது, அப்புறம் அதுவும் இல்லை. வருத்தம்தான், கோபம் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நம்பரையே மாற்றியிருப்பேன். இந்தக் கடிதத்தைப் பிரித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

இவர் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்றார். திருச்சி அக்காவுக்கு என்றேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் இவரிடம் இவ்வளவு சுலபமாக நான் பொய் சொன்னதில்லை. முகத்தைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன் என்றால் பேனாவைப் பிடுங்கிவிடுவார். அந்தம்மாவை இதில் இழுக்காதே, இழுத்தால் எனக்கு கேஸே வேண்டாம் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்று ஆடி முதல் வெள்ளி. காலையில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் வரிசையில் நின்று வெள்ளிக் கண்மலர் வாங்கிச் செலுத்திவிட்டு வந்தேன். இவருக்குப் போன கண் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது அம்மனுக்கும் தெரியும். இருந்தாலும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறதே.

போன வருஷம் மே மாதம் நீங்கள் ரிடையரான பிறகு நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது என்று நினைக்கிறேன். உங்கள் மேஜைக்கு யாரையும் போடவில்லை. மூன்று மாதம் இவர் எப்படி ஓட்டினாரோ, தெரியவில்லை. செப்டம்பரில் ஒரு ஃபைலில் புது அதிகாரி எழுதியிருந்த குறிப்பின் மேலேயே குறுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த அதிகாரி ஃபைலைத் தூக்கிக் காட்டி, காலையிலேயே போட்டுட்டு வந்துட்டீங்களா சார் என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். செக்ஷனே சிரித்ததாம். ஒரு பாக்குத் துண்டு வாயில் போடாத மனிதர். கண் தெரியவில்லை என்று சொல்வதைவிடக் குடிகாரன் என்ற பெயரே மேல் என்று பேசாமல் நின்றிருக்கிறார். மறுநாள் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தார். டிசம்பர் முப்பத்தொன்றோடு அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை என்றார். நம்பினேன். வீட்டில் தம்ளரைத் தட்டிவிட்டால் கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். நீங்கள் ஒரு கொலுவுக்கு வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாருக்கு நல்லா வெளிச்சம் விழற எடத்துல சாப்பாடு போடுங்கம்மா என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? என் வீட்டில் என் புருஷனுக்கு எங்கே சாப்பாடு போடுவது என்று நீங்கள் சொல்வதா என்று அப்போது எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுநாள். எங்கள் பெண் கீர்த்திக்கு வந்த ஒரு ஜாதகத்தோடு தரகர் மாப்பிள்ளையின் போட்டோவைக் கொடுத்திருந்தார். அதை இவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, பையன் லட்சணமாக இருக்கிறான் என்றார். போட்டோ திரும்பியிருந்தது. வெள்ளைப் பக்கம்தான் அவருக்கு எதிரில் இருந்தது.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணில் அழுத்தம் என்று 2019லேயே மந்தைவெளி டாக்டர் சொன்னது, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்தது, சொட்டு மருந்து பாட்டிலை ஆபீஸ் டிராயரில் உங்கள் பொறுப்பில் வைத்திருந்தது, ஃபைலை நீங்கள் மெதுவாகப் படித்துக் காட்டியது, இவர் சொல்லச் சொல்ல நீங்கள் குறிப்பு எழுதியது, எல்லாம். ஊரடங்கில் ஆபீசைப் பூட்டியபோது பாட்டில் டிராயரிலேயே கிடந்ததாம். ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரு சொட்டு விடவில்லை. வீட்டில் ஒளித்து வைக்க ஒரு இடமா கிடைக்கவில்லை என்று கேட்டேன். நீ வாரத்துக்கு ஒரு தடவை பரணைக்கூடத் துடைக்கிறவள் ஆயிற்றே என்றார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகு ஐந்து வருஷம் ஓடியிருக்கிறது, உங்கள் துணையால்.

இப்போது பழைய செய்தித்தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறார். நான் அவர் விரலைப் பிடித்து இடம் காட்டினால் கையை இழுத்துக்கொள்கிறார். குண்டூசி கொண்டு வா என்றார். எதற்கு என்றேன். ஹாஜிராம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குக் கீழே ஒரு குண்டூசி குத்தி வைப்பார், விரலால் தடவி அதற்கு மேலே போட்டுவிடுவேன் என்றார். அன்றைக்கு நான் சமையலறைக்குப் போய் அழுதேன். கண் போனதற்கு மட்டும் அழுதேன் என்று சொன்னால் அது பொய்.

இனி கேஸ் விஷயம். கீர்த்தி விசாரித்து, நந்தனத்தில் இருக்கும் ஷண்முகப்ரியா என்ற வக்கீலிடம் கூட்டிப் போனாள். கெட்டிக்காரப் பெண். முதலில் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பார்வை எவ்வளவு தூரம் போகிறது என்பதை மட்டும் பார்க்க மாட்டார்களாம். எவ்வளவு அகலத்துக்குத் தெரிகிறது என்பதும் கணக்காம். அந்த வட்டம் பத்து டிகிரிக்குள் சுருங்கிவிட்டால் நடுவில் ஏதாவது தெரிந்தாலும் சட்டப்படி அது பார்வையின்மைதான். தொண்ணூறு சதவீதம் என்று சான்றிதழ் எழுதி, மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிந்து கொடுத்தார்கள். கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொள்கிறவருக்குச் சதவீதம் எதற்கு என்று நினைத்தேன். அது இல்லாமல் விசாரணை வாசலைக்கூட மிதிக்க முடியாது என்றாள் வக்கீல்.

அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தலை சுற்றியது. அரசாங்க ஆபீசில் வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு இப்படிக் குறை வந்தால் அவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. பழைய வேலை பார்க்க முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. வேறு வேலை இல்லாவிட்டால், கிடைக்கிற வரைக்கும், இல்லை ரிடையர் ஆகிற வரைக்கும், ஒரு இடத்தை உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். 2016ல் போட்ட சட்டம். அதற்கு முன்னாலும் இதே போல ஒன்று இருந்ததாம். படித்துக் காட்ட ஆள், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் கம்ப்யூட்டர், இதெல்லாம் ஆபீசே ஏற்பாடு செய்ய வேண்டியது. நீங்கள் ஐந்து வருஷம் யாருக்கும் தெரியாமல் செய்தீர்களே, அதற்குச் சட்டத்தில் ஒரு பெயரே இருக்கிறது, நியாயமான வசதி என்று. ஊரார் ஃபைலையெல்லாம் கரைத்துக் குடித்த நீங்கள் இரண்டு பேரும் உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை. பயந்துகொண்டு ஒளிந்ததெல்லாம் வீண்.

சட்டம் தெரியாமல் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாலும், அதை ஆபீஸ் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றனவாம். ஆனால் ஆபீஸ் என்ன பதில் கொடுத்திருக்கிறது தெரியுமா? பணியில் இருந்த காலத்தில் இவருக்குப் பார்வைக் குறை எதுவும் இருந்ததில்லை, எல்லாக் கோப்புகளையும் ஒழுங்காகப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார், சான்றிதழ் ஓய்வுக்குப் பிறகு வாங்கியது என்று. அத்தனை நேர்த்தியாக நீங்கள் மறைத்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால், பல வருஷத்து நோய்தான், ஆனால் நாங்கள் சோதித்த தேதிக்குத்தான் எழுத முடியும் என்கிறார்கள். மந்தைவெளி டாக்டர் கொரோனாவில் போய்விட்டார். கிளினிக் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. டாக்டர் சீட்டுகளை நீங்கள் ரிடையரான அன்று இவரே உங்களைக் கிழிக்கச் சொல்லியிருக்கிறார். செக்ஷனில் பஞ்சாட்சரத்தைப் போய்க் கேட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, இப்ப வந்து கேக்குறீங்களே, கண் கெட்ட பிறகு என்று ஆரம்பித்துப் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சாட்சி சொன்னால் வேலிக்கு ஓணான் சாட்சி. அதோடு அப்போது எனக்கே தெரியாது. மனைவிக்கே தெரியாத குறையா என்று கேட்பார்கள்.

தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகத்தில் விசாரணை. அதற்குள் உங்கள் வாக்குமூலம் வந்தால் மனு நிற்கும். ஓய்வுக்கு இன்னும் இரண்டரை வருஷம் இருக்கிறது. மறுபடி ஆபீஸ் வாசலில் கால் வைத்தால் போதும், குடிகாரன் என்ற பேச்சு அழிந்துவிடும் என்கிறார். அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மார்ச் மாதம் ஒரு நாள் மொட்டை மாடிக்குத் தனியாக ஏறிப் போயிருந்தார். கீர்த்தி போய்க் கூட்டி வந்தாள். காற்று வாங்கப் போனேன் என்றார். அன்றிலிருந்து மாடிக் கதவின் பூட்டுச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

உங்களுக்கு இதில் என்ன ஆபத்து என்று எனக்குத் தெரியும். சூப்பிரண்டு பார்க்க வேண்டிய ஃபைலை நீ எப்படிப் பார்த்தாய், அவர் குறிப்பை நீ ஏன் எழுதினாய் என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். பென்ஷனில் கை வைப்பார்களா என்று வக்கீலிடமே கேட்டேன். குறையுள்ளவருக்கு ஆபீஸ் செய்யத் தவறியதை அந்தம்மா செய்தார் என்று நான் வாதாடுவேன், ஆனால் ஒன்றும் ஆகாது என்று என்னால் எழுதித் தர முடியாது என்றாள். நானும் உங்களுக்கு எழுதித் தர முடியாது. பென்ஷன் வாங்கும் அம்மாவுக்கும் வாங்காத அம்மாவுக்கும் மகன் வீட்டில் என்ன வித்தியாசம் என்று தெரியாத வயதா எனக்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று இவரைக் கேட்டேன். எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். 2019ல் கீர்த்திக்கு ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஒரு வரன் வந்தது. பட்டறைக்காரர்கள், நல்ல மனிதர்கள். பையனின் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண் அழுத்தத்தில் பார்வை போனதாம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், கண் போகிற குடும்பத்தில் என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று கத்தினேன். இவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மந்தைவெளி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து பாட்டிலை ஆபீசில் வைத்தார். மருந்து போடாத நாளெல்லாம் என் கணக்குதான். நான் செய்ததற்கு உங்களிடம் போய்ப் பரிகாரம் கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

கீர்த்தியின் கண்ணையும் பார்த்துவிட்டோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை. வருஷாவருஷம் பார்க்க வேண்டும். வருகிற வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் பேசுகிறேன். இரண்டு வரன் திரும்பிப் போய்விட்டது. போகட்டும்.

அக்காவுக்கு இவ்வளவு நீளமாகவா என்று இப்போதுதான் கேட்டார். ஆமாம், ரொம்ப நாள் பாக்கி என்றேன்.

வக்கீல் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைக் கூடவே வைத்திருக்கிறேன். உண்மைக்கு மேல் ஒரு எழுத்து அதில் இல்லை. அங்கேயே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். இடத்தை வக்கீல் பென்சிலால் குறித்திருந்தாள். நான் அதற்குக் கீழே ஒரு குண்டூசியும் குத்தியிருக்கிறேன். உங்களுக்குத் தேவையில்லை என்று தெரியும். எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை. போட்டு அனுப்பினீர்களானால் இவரிடம் நானே சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

முடியாது என்றால் ஒன்றும் எழுத வேண்டாம். ஊசியை எடுத்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். உங்களை நான் கேட்டதோ, நீங்கள் மறுத்ததோ இவருக்கு ஒரு நாளும் தெரியாது. ஹாஜிராம்மா இருந்திருந்தால் என்று இவர் தினம் ஒரு தடவை சொல்கிறார். அந்த நினைப்பு அப்படியே இருக்கட்டும். அதில் நான் கை வைக்க மாட்டேன்.

உங்கள் கண்ணும் கையும் உங்களுக்குக் கடைசி வரை துணை இருக்க வேண்டும் என்று இன்று கோயிலில் உங்கள் பெயரையும் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
பங்கஜம்