பேச முடியாத இடங்கள்

புதன்கிழமை, மதியம்

அன்புள்ள கமாவுக்கு,

நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். பஸ் திங்கட்கிழமை விடியற்காலையிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டது. என் முதுகுதான் இன்னும் பஸ் சீட்டின் வளைவிலேயே இருக்கிறது. நீ அனுப்பிய பதினேழு படங்களும் வந்தன. அத்தனையிலும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் உனக்கென்ன, கொடுத்து வைத்தவள் என்கிறார்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ முந்திக்கொள்வாய், நான் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன். அதனால் அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில், திருத்தி முடித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். உனக்குக் கமா என்று பெயர் வைத்த ஃபோர்மேன் போன மாதம் ஓய்வு பெற்றார். "எங்க பார்த்தாலும் ஒரு கமாவைச் செருகுவாளே, எப்படி இருக்கா?" என்று விசாரித்தார். நகரத்தில் ராணி மாதிரி இருக்கிறாள் என்றேன்.

நான் எதற்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. என் மகளுக்கு உங்கள் நகரத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் மூன்று வருடப் படிப்பில் இடம் கிடைத்ததை உனக்குத்தான் முதலில் எழுதினேன். விடுதியின் காத்திருப்போர் பட்டியலில் அறுபத்து மூன்றாவதாக இருக்கிறாள், தெரிந்த வீடு ஒன்று இருந்தால்தான் அனுப்புவேன் என்று அவள் அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார் என்பதையும் எழுதினேன். நீ என்ன பதில் எழுதினாய்? "நம்ம வீடு இருக்கும்போது என்ன கவலை? முதலில் ஒரு சனி ஞாயிறு ரெண்டு பேரும் வாங்க, ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், மற்றதை நேரில் பேசிக்கொள்வோம்" என்று எழுதினாய். அந்த 'நம்ம'வை நான் நம்பினேன். நீ கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்க வீடு எப்படி இருக்கு?" இருபத்திரண்டு வருடமாகப் பிழை பார்க்கிறவள், இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம் தெரியாமல் பஸ் ஏறியது என் தப்புதான்.

அடுத்து நீ பார்த்தது என் மகளுடைய பையை. "ரெண்டு நாளைக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய பை?" என்று சிரித்தாய். பேச்சு முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டு வரலாம் என்று, ஒரு பருவத்துக்கான துணியை அவள் மடித்து எடுத்து வந்திருந்தாள். அவளும் உன்கூடச் சேர்ந்து சிரித்தாள்.

சனிக்கிழமை காலை அருங்காட்சியகம். வாசலிலேயே ஆளுக்கொரு கருவியைக் கொடுத்துக் காதில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் யாரோ ஒருவர் என் காதுக்குள் உடைந்த பானைகளின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் அதைக் கழற்றிவிட்டு உன் தோளைத் தொட்டேன். நீ வாயில் விரலை வைத்து அடுத்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாய். மாலையில் நாடகம். நல்ல நாடகம்தான், பொய் சொல்லக்கூடாது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. இடைவேளையில் பேசலாம் என்று பார்த்தால், யாருக்கோ கைகாட்டிக்கொண்டு போனவள் மணி அடித்த பிறகுதான் திரும்பினாய். ஞாயிறு காலை படகு. அவ்வளவு பெரிய படகில் இன்ஜினுக்குப் பக்கத்து இருக்கைதான் உன் கண்ணில் பட்டது. வீட்டிலாவது பேசலாம் என்றால், பாவம் உன் வீட்டுக்காரர், தூக்கம் வந்து கொட்டாவி விடுகிற மனுஷரைக் கூடத்தை விட்டு எழவே விடவில்லை நீ. பேச முடியாத இடங்களாகப் பார்த்துப் பார்த்து டிக்கெட் எடுத்திருக்கிறாய் என்பது எனக்குப் படகில்தான் உறைத்தது. மண்டையில் கொஞ்சம் லேட்டாகத்தான் ஏறும் எனக்கு.

மகளுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் ஊரை உண்மையாகவே ரசித்தாள். பழைய மரச்சிலை ஒன்றை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே யாரோ எந்தக் காலத்திலோ ஒட்டுப்போட்ட ஆணிகளைக் காட்டி வைத்திருந்தார்களே, அதன் முன்னால் அரைமணி நேரம் நின்றாள். "நான் இதைத்தான் படிக்கப் போறேன்" என்று அங்கே நின்ற காவலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷர் அவளுக்கு வாழ்த்துச் சொன்னாராம்.

ஞாயிறு மதியம் உன் சிநேகிதிகள் வந்தார்கள். என்னை "தெரிஞ்சவங்க, ஊர் பாக்க வந்திருக்காங்க" என்று அறிமுகம் செய்தாய். சரி, அதையாவது சொன்னாயே என்று விட்டுவிட்டேன். அவர்களில் அந்தப் பாட்டு டீச்சர் பாடி முடித்ததும் மகள் எழுந்து காலிக் கோப்பைகளை எடுத்தாள். யாரும் அவளை ஏவவில்லை. சித்தி வீடு என்ற உரிமையில் எடுத்தாள். அந்தப் பல் டாக்டர் அம்மா தன் கோப்பையையும் அவள் கையில் கொடுத்துவிட்டு உன்னிடம் கேட்டார்: "நல்ல பொண்ணா கிடைச்சிருக்காளே, எங்க புடிச்சீங்க? எங்க வீட்ல ஒருத்தியும் நிக்க மாட்டேங்கிறா."

நீ சிரித்தாய். "உங்களுக்குச் சக்கரை போதுமா?" என்று கேட்டாய்.

ஒரே ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக, ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தச் சொல்லி முதலாளியிடமே சண்டைக்குப் போனவள் நீ. நான் வாசிக்க நீ திருத்த, ஒரே மேஜையில் ஆறு வருடம் உட்கார்ந்திருக்கிறோம். தப்பைப் பார்த்த பிறகு உன்னால் சாப்பிடக்கூட முடியாது. அப்படிப்பட்டவள் அந்த வாக்கியத்தை அப்படியே போக விட்டாய்.

நான் மட்டும் என்ன? நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அது என் மகள் என்று சொல்ல எனக்கு என்ன கேடு? சொன்னால் உனக்குச் சங்கடமாகிவிடும், கேட்க வந்த காரியம் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். உன்மேல் இருக்கிற கோபம் என்றைக்காவது ஆறிவிடும். என்மேல் இருக்கிறது ஆறாது.

பஸ் நிலையத்தில் அவளே பேசினாள். "ஆன்ட்டி, எனக்கு ஹாஸ்டல்ல இடம் கிடைச்சிருச்சு, நேத்துதான் மெசேஜ் வந்துச்சு" என்றாள். நீ அவளைக் கட்டிக்கொண்டு, "அடிப்பாவி, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா!" என்று சிரித்தாய். அந்த இரண்டு நாளில் நீ மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான். பேச ஆரம்பித்த வயதிலிருந்து உன்னைச் சித்தி என்று கூப்பிட்டவள் அன்று ஆன்ட்டி என்றாளே, அது உன் காதில் விழுந்ததா?

மெசேஜும் வரவில்லை, மண்ணும் வரவில்லை. அறுபத்து மூன்று இப்போது அறுபத்தொன்று ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும், "எனக்கு அந்த ஊரே பிடிக்கல, ஒரே சத்தம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். துணியையெல்லாம் பையிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டாள். என்கூட அச்சகத்துக்கு வருகிறேன் என்கிறாள்.

உன் அப்பா உன்னை வீட்டுக்குள் விடாதபோது, ஒற்றை அறையில் பதினொரு மாதம் எங்களோடு இருந்தாய். இவள் அப்போது தவழ்கிற குழந்தை, உன் பக்கத்தில்தான் தூங்குவாள். சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். இப்போது சொல்லிக்காட்டியும் ஆயிற்று. போகட்டும்.

கல்லூரியில் சேரக் கடைசி நாள் இருபதாம் தேதி. இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கைக்கு வரும். இடையில் ஐந்து நாள் இருக்கிறது. நான் உனக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாள். அதனால் நீயாக நினைத்துக் கேட்பதுபோல அவளுக்கு இரண்டு வரி எழுது. ஹாஸ்டல் வேண்டாம், இங்கே வந்து இரு என்று எழுது. நீ கூப்பிட்டால் அவள் அப்பா மறுக்க மாட்டார். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவள் இருப்பதே தெரியாமல் இருப்பாள். வருகிறவர்கள் யார் என்று கேட்டால், உனக்கு எது சௌகரியமோ அதைச் சொல்லிக்கொள்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. அவளை மட்டும் சேர்த்துக்கொள். மூன்று வருடமும் நான் அந்த ஊர்ப் பக்கமே வர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பழைய மேஜைக்காரி