மாலை போட்டவனிடம் சொன்ன சொல்

டிசம்பர் 1, திங்கள்

ஹான் இன்று என்னிடம் கேட்டது இது. பையன்கள் நாளெல்லாம் தோளில் கை போட்டுச் சொல்லிச் சிரிக்கிற ஒரு சொல்லை, அவரும் சிரித்துக்கொண்டே சொன்னால் ஏன் லைன் நிற்கிறது?

விடாத மழை. கம்பெனி வேன் தண்டலத்தில் மாட்டிக்கொண்டது. சேலை முழங்கால் வரை ஈரம்.

நடந்தது இதுதான். ஹான் கொரியாக்காரர், எங்கள் பாக்டரியில் உற்பத்திக்குப் பொறுப்பு. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டீ முடிந்து வந்தவர், டிரெய்னி இசக்கியின் முதுகில் தட்டி அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். தாயைப் பற்றியது. எனக்கு இங்கேகூட எழுத வரவில்லை. இசக்கி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அவன் இடத்தில் நிற்க ஒருவரும் வரவில்லை.

சூப்பர்வைசர் தனசேகர் பர்சனல் ஆபீசுக்கே வந்து என் மேசை முன் நின்று கத்தல். பிள்ளைப்பாக்கத்துக்காரர். "இன்னா மேடம் இது? மாலை போட்டுக்கினு கீற ஆளப் பாத்து இன்னா வார்த்தை வுடறாரு! கார்த்திகை பொறந்ததுலேர்ந்து நாங்களே அவன சாமின்னுதான் கூப்பிடறோம்."

"அதுக்கு முன்னாடி?"

"அது வேற மேடம். அது சும்மா பசங்க பேசிக்கிறது."

சபரிமலை, விரதம் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தனசேகர் சொன்னது உடனே புரிந்துவிட்டது. ஹானுக்கு எப்படிப் புரிய வைப்பது?

டிசம்பர் 2, செவ்வாய்

கேஸ் புக் பண்ண. குடை ரிப்பேர். மூட்டு வலித் தைலம்.

ஹானிடம் ஒரு மணி நேரம், ஆங்கிலத்தில். "அது நல்ல சொல் அல்ல" என்றேன். அர்த்தம் கேட்டார். எம்.ஏ. படித்து இத்தனை வருடம் மொழிபெயர்க்கிறேன், வாய் வரவில்லை. "அம்மாவைப் பற்றி" என்று நிறுத்திக்கொண்டேன்.

அவர் சின்ன வயதில் வேலை பார்த்த இடத்தில் மேலதிகாரி காலையில் நாயே என்பாராம். சாயங்காலம் அவரே கூட்டிப்போய் மது ஊற்றிக் கொடுப்பாராம். அதோடு சரி. "இங்கே எல்லோரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். காகிதத்தை ஒற்றைக் கையால் நீட்டுகிறார்கள். எனக்கு அதுதான் வசை. நான் யாரிடமும் சொன்னதில்லை."

நானும் ஒற்றைக் கையால்தான் நீட்டுகிறேன்.

இசக்கியைச் சாயங்காலம் குடிக்கக் கூப்பிடட்டுமா என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். மாலை என்றால் என்ன என்று விளக்கினேன்: குடி கூடாது, கறி கூடாது, கெட்ட வார்த்தை சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. மாலை போடும் முன் இதே சொல்லுக்குச் சிரித்தவன்தான் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. "யாரும் சொல்லவில்லையே." ஆமாம், யாரும் சொல்லவில்லை. நான் உள்பட.

டிசம்பர் 3, புதன்

தோசை மாவு புளித்துவிட்டது. மழை இல்லை, புழுக்கம்.

இசக்கியை எங்கள் பர்சனல் மேனேஜர் விசாரித்தார். நானும் இருந்தேன். கறுப்பு வேட்டியை மாற்றி யூனிபாரத்தில் வந்திருந்தான், கழுத்தில் துளசி மாலை. சங்கரன்கோவில் பக்கம். வீட்டில் முதல் சம்பளக்காரன். ஜனவரியில் நிரந்தரமாக வேண்டியவன்.

"லைன விட்டு ஏம்ப்பா போன?"

"அவுக தெரியாமத்தான் சொல்லிருப்பாக, சார். கோவம்லாம் இல்ல. ஆனா மாலையப் போட்டுக்கிட்டு அதக் கேட்டுட்டு நிக்க முடியாதுல்லா?"

அவன் போனதும் மேனேஜர் என்னிடம்: "வார்னிங் குடுத்து விட்டுடலாம். நல்ல பையன். ஆனா ஹான் சார் சாரி கீரி சொல்லக் கூடாது, சொல்லிடுங்க. சொன்னா நாளைக்கு மொத்த ஷெட்டும் எனக்கும் சாரி சொல்லுன்னு க்யூல நிக்கும்."

ஹானிடம் சொன்னேன். தப்பு செய்தால் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அது மேனேஜர் தீர்மானிக்கிற விஷயமல்ல என்றார். தடுக்க எனக்கு என்ன அதிகாரம்? தடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. குனிந்தால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

ஷிப்ட் ஆரம்பத்தில் எல்லோரும் பார்க்க ஹான் இசக்கி முன் நின்று இடுப்பு வரை குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. இசக்கி பதறி "சாமி சரணம், சார்... சாமி சரணம்" என்று அவர் காலில் விழுந்தான். மாலை போட்டவர்கள் ஒருவர் காலில் ஒருவர் விழுவது வழக்கம். ஹானுக்கு ஒன்றும் புரியவில்லை; அவனைத் தூக்கி, மறுபடி குனிந்தார். யாரோ, "யோவ், சார் அடுத்த வருசம் மலைக்கு வர்றாருய்யா!" ஒரே சிரிப்பு. தனசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லைன் ஓடியது.

பதினொரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். "பாத்தீங்களா? வெளிநாட்டுலேர்ந்து வந்த ஒரு எக்ஸ்பாட், டிரெய்னி முன்னாடி குனிஞ்சாச்சு. இனி இவன் உள்ள இருந்தா எந்த சூப்பர்வைசர் பேச்ச எவன் கேப்பான்? டிரெய்னிங் முடிஞ்சதுன்னு சொல்லி அனுப்பிடுங்க."

"நேத்து வார்னிங்னு சொன்னீங்க, சார்."

"அது நேத்து."

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இசக்கி கேட்டுக்கொண்டான். "லைன்ல பாதி வேல கெடக்கு மேடம், முடிச்சுட்டுப் போவட்டா?" வேண்டாம் என்றேன். செக்யூரிட்டி அறையில் கம்பெனி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து போனான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஹான் வந்து, இசக்கி எங்கே என்றார். மேனேஜர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

"நான் குனிந்ததாலா?"

ஆமாம் என்றேன்.