மிச்சம் வைத்த தட்டு

செண்பகனூர்,
நவம்பர், 1981

பிரியமுள்ள அத்தானுக்கு,

நான் என் கையாலேயே எழுதுகிற முதல் கடிதம் இது.

ஏரிப்பக்கம் கட்டுகிற புது ஓட்டலுக்கு ஆள் வேண்டுமென்றுதான், முதியோர் கல்வி வகுப்பில் எழுத்தோடு மேஜையில் பரிமாறவும் சொல்லிக்கொடுத்தார்கள். முள்கரண்டியையும் கத்தியையும் சேர்த்து வைத்தால் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று அர்த்தம். பேசாமல் தட்டை எடுத்துவிட வேண்டும். எனக்கு எல்லாம் மனப்பாடம்.

செவ்வாய்க்கிழமை ஓட்டல் மேனேஜர் எங்களைச் சோதிக்க வந்து உட்கார்ந்தார். முதலில் நான்தான் பரிமாறினேன். பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு முள்கரண்டியையும் கத்தியையும் சேர்த்து வைத்தார். தட்டை எடுக்க எனக்குக் கை வரவில்லை. "ஒண்ணுமே சாப்பிடலையேங்கய்யா, இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டேன்.

அவர் சிரித்தார். டீச்சரிடம், "இதுகளுக்கு எழுத்து வரும்மா, சர்வீஸ் வராது" என்றார். மற்ற பெண்களைப் பரிமாறச் சொல்லவே இல்லை. மதுரையிலிருந்து ஆள் கொண்டுவருகிறாராம். எங்களைக் கட்டட வேலைக்கு ஜல்லி சுமக்கக் கூப்பிட்டிருக்கிறார். போகிறேன். கூடப் படித்த சகாயராணி என் முகத்தைப் பார்ப்பதில்லை.

வேலை கிடைத்ததும் உங்களை மலைக்கு வரச் சொல்கிறேன் என்றிருந்தேன். வர வேண்டாம். கன்னிவாடி மில் வேலையை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை உங்களுக்கு மட்டும் சொல்லத்தான் இவ்வளவு பாடுபட்டு எழுதப் படித்தேன். ஆனால் உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. மில் கணக்குப்பிள்ளைதான் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார்.

அதனால், நான் சுகம். நீங்கள் சுகமா?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி