பதினைந்து நாள் தாங்கும்

ஆகஸ்ட் 4, திங்கள்

மணி பிளான்ட்டும் போயிற்று. சாகவே சாகாது என்று எல்லோரும் சொன்ன செடி. தண்டு அடியில் கருத்து, தொட்டால் கூழ்.

இந்த விடுதிக்கு வந்து ஐந்து மாதம். அறை எண் ஏழு. ஜன்னல் நடைவழிக்குள் திறக்கிறது. அங்கே எப்போதும் எரியும் ஒரு குழல்விளக்கு. சொந்த ஊர் வொனொசோபோவிலிருந்து அம்மா போனில் கேட்டாள்: "ஜகார்த்தாவுல காத்தே இருக்காதாமே. ஜன்னல் இருக்குல்ல?"

இருக்கும்மா. பொய்யில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ராவா பெலோங் செடிச் சந்தை. கடைக்காரர் கேட்டார், வெயில் வருமா? வராது. வெளிச்சம்? நடைவழி விளக்கு.

"அப்ப மாமியார் நாக்கு எடுத்துக்கம்மா. எந்த இருட்டுலயும் அடங்காது."

பக்கத்துக் கடைப் பெண் சொன்னாள்: "அனுபவஸ்தர் சொல்றார், கேட்டுக்க."

எனக்கு ஸ்ரீ ரெஜெகிச் செடிதான் வேண்டும் என்று வாங்கிவந்தேன். காரணம் இருக்கிறது. அலுவலகத்தின் அடித்தளத்தில், நாளெல்லாம் பழைய காப்பீட்டுக் கோப்புகளை நான் ஸ்கேன் செய்யும் அறையில், ஒன்று நிற்கிறது. அங்கே ஜன்னலே இல்லை. ஆனாலும் அடர்பச்சை, நடுவில் வெள்ளிக் கீற்று, பழுத்த இலை ஒன்றுகூடக் கிடையாது. தினமும் காலையில் அதற்கு வணக்கம் சொல்கிறேன். பல நாள் நான் வாய்விட்டுப் பேசும் முதல் சொல் அதுதான். சில நாள் கடைசியும்.

ஆகஸ்ட் 10

இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். என்னிடம் கொடுக்க வேறென்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 27, புதன்

அடி இலை மஞ்சள். நேற்று ஒன்று, இன்று மூன்று.

அங்கே அலுவலகத்தில் வாழ்கிறது, இங்கே முடியவில்லை. இரண்டும் ஒரே இருட்டு. அப்படியென்றால் நானா? ஆனால் அங்கேயும் நான்தானே இருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

வேலை தேங்கிவிட்டதால் விடுமுறை நாளிலும் அலுவலகம் போனேன். அறைக் கதவு திறந்திருந்தது. யாரோ ஒரு பெரியவர். அவருடைய தள்ளுவண்டியில் நான் வணக்கம் சொல்லும் செடி.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?" கத்தியே விட்டேன்.

"ஓய்வுக்கு."

மர்ஜுகி என்று பெயர். அலுவலகங்களுக்குச் செடி வாடகைக்கு விடுகிறவர். இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை வந்து மாற்றுகிறார். இந்த அறைக்கு நான்கு செடிகள், முறைவைத்துச் சுற்றுகின்றன.

நான்கு. நான் யாருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்?

"இருட்டுல வளரும்னு கடைல சொல்லுவான். வளராதும்மா. தாங்கும், அவ்வளவுதான். இது பதினஞ்சு நாள் தாங்கும். அப்புறம் தோட்டத்துல மரநிழல்ல வச்சுத் தேத்தணும்."

என் செடியைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர்? இரண்டு வேளை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வெளிச்சம் இல்லாத எடத்துல அது எப்படிக் குடிக்கும்? பாசமா ஊத்தி ஊத்தி வேர அழுக வச்சுட்ட. விரல விட்டுப் பாரு. காஞ்சிருந்தா மட்டும் ஊத்து."

லிஃப்ட் வாசலில் திரும்பினார். "தினமும் இங்கயேவா உக்காந்திருக்க?"

"ஆமா ஐயா."

"உன்ன எப்ப மாத்துவாங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கதவு மூடிக்கொண்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மொட்டைமாடிக்கு முதல்முறையாகப் போனேன், தொட்டியோடு. துணிகளை நான் கிலோ கணக்கில் துவைத்துத் தரும் சலவைக் கடையில் கொடுத்துவிடுவதால் மேலே வேலையே இருந்ததில்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கொடிக்கயிறு; சுவரில் எண். ஏழாம் எண்ணில் யாருடையவோ போர்வை, மாவுக் கறை போகாத வெள்ளை மேலங்கிகள்.

கிளிப்பை வாயில் கவ்வியபடி ஒரு பெண்.

"யாரு நீ?"

"ஏழு."

"ஏழா! காலின்னுல்ல நெனச்சேன்? மாசக்கணக்கா என் துணி அங்கதான் காயுது."

தியுர்மா. ஒன்பதாம் அறை, ரொட்டிக்கடையில் வேலை. எங்களுக்கு நடுவே ஒரே ஒரு அறை.

"பேய்னு நெனச்சு ஓடியிருப்பேன். நல்லவேள, பேய் தொட்டிய தூக்கிட்டு வராது."

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் செடியை வைக்கலாமா என்று கேட்டேன். குரல் பாதியில் உடைந்தது, உபயோகிக்காததால்.

"வையேன். துணில மண்ணு பட்டுச்சுன்னா மட்டும் உன்ன வச்சுக்கறேன்."

செப்டம்பர் 8

காலி என்று நினைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 20, சனி

இன்னொரு தொட்டிச் செடி வாங்கினேன். அது கீழே என் அறையில், தேறிக்கொண்டிருப்பது மேலே. இனி இரண்டு சனிக்கு ஒருமுறை இடம் மாறும். மேலே உள்ளதில் ஒரு புது இலை, சுருட்டி வைத்த காகிதம் போல.

தியுர்மா ஒரு பொட்டலம் நீட்டினாள். "கருகிப்போச்சு. விக்க முடியாது. தின்னு."

கருகவேயில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நாளை சுராபாயா. பத்து நாள் அலுவலக வேலை. பதினெட்டாம் தேதி செடி மாற்றும் நாள். யார் மாற்றுவது? மாற்றுச் சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டும். யாரிடமாவது என்றால் — ஒருத்திதான்.

ஆனால் உள்ளே வருவாள். ஒற்றைத் தட்டு, ஒற்றைக் கோப்பை, சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலி. எல்லாவற்றையும் பார்ப்பாள். இரண்டு மாதச் செடிக்காக இவ்வளவா? வாடினால் வாடட்டுமே.

ஒன்பதாம் அறை வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை கதவு தானாகவே திறந்தது.

"உள்ள வர்றியா, இல்ல என் கதவுக்குக் காவலா?"

சாவியைக் கொடுத்தேன்.

"தண்ணி?"

"விரல விட்டுப் பாத்துட்டு, அக்கா."

"உத்தரவு!"

அக்டோபர் 22, புதன்

மாலையில் வந்து சேர்ந்தேன். அறையில் மொட்டைமாடியில் இருந்த செடி நிற்கிறது. மண்ணில் ஒரு குழி, என் விரலைவிடத் தடிமனான விரல். நாற்காலி கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

மற்றதைப் பார்க்க மேலே ஓடினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருக்கிறது. மஞ்சள் இல்லை. புது இலை விரிந்துவிட்டது.

ஏழாம் எண் கயிற்றில் அவளுடைய மேலங்கிகள் இல்லை. ஒரே ஒரு துண்டு, வெயிலில் விறைத்துப்போய். சுராபாயா புறப்பட்ட அவசரத்தில் அறைக் கதவின் பின்னால் ஈரத்தோடு விட்டுப்போனது.

என்னுடையது.